மிச்சச் சுண்ணாம்பு

வெற்றிலை போடுகிறவர்கள் விரல் நுனியில் தங்கிவிட்ட சுண்ணாம்பைத் தூணிலோ சுவரிலோ கதவு நிலையிலோ தடவிவிட்டுப் போவது பழைய தஞ்சை ஜில்லாவில் பரம்பரையாக வரும் வழக்கம். அதனாலேயே எங்கள் பக்கத்துக் கோயில் மண்டபங்களிலும் சத்திரத்துத் திண்ணைகளிலும் கைக்கு எட்டும் உயரம் வரையில் தூண்களெல்லாம் வெள்ளைத் தீற்றல் ஏறிக் கிடக்கின்றன. அந்தத் தீற்றல்களில் ஒன்று, குத்தாலத்துக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள ஒரு சிற்றூரில், பிள்ளையார் கோயில் முன்மண்டபத்துக் கல்தூணில், சென்ற மாசி மாதத்தில் என் கண்முன்னே இடப்பட்டது. அது முதல் எனக்குத் தூக்கமே இல்லை என்று சொன்னால் மிகையாகும். ஆனால் வேறு எதைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் பேனா அங்கேயே போய் நின்றுவிடுகிறது.

குத்தாலம் என்றவுடன் வெளியூர் நண்பர்கள் அருவியை நினைத்துக்கொண்டு எண்ணெய்க் குளியலுக்கு ஆயத்தமாகிவிடுகிறார்கள். அது தென்காசிப் பக்கத்துக் குற்றாலம். நான் சொல்வது மாயவரத்துக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே காவிரியின் தென்கரையில் இருக்கும் ஊர். தேவாரம் பாடியவர்கள் திருத்துருத்தி என்று அழைத்த தலம். இங்கே விழுவதற்கு மலையும் இல்லை, அருவியும் இல்லை. ஆற்றில் தண்ணீர் வந்தால் நெல், வராவிட்டால் வழக்கு.

சம்பவம் சிறியது. விடியற்காலையில் ஒருவருடைய போர்செட்டில் மோட்டார் கேபிளை அறுத்துச் சுருட்டிக்கொண்டிருந்த பையன் ஒருவன் பிடிபட்டான். கேபிளுக்குள் இருக்கும் செம்புக் கம்பியை எரித்தெடுத்துப் பழைய இரும்புக் கடையில் போட்டால் கைக்குக் கிடைப்பது சொற்பம். அதனால் நிலத்துக்காரருக்கு நேருவதோ பெருநஷ்டம், ஏனென்றால் மாசியில் பருத்திக்கு ஒரு தண்ணீர் தவறினால் அந்தப் பட்டத்தையே மறந்துவிட வேண்டியதுதான். ஆகவே ஊராருடைய கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. நாலு அறை விழுந்தது, சட்டை கிழிந்தது, போலீஸ்காரர் வரும் வரையில் ஓடிவிடாதபடிக்குப் பையனைத் தாம்புக்கயிற்றால் தூணோடு சேர்த்துக் கட்டினார்கள். பத்து மணிக்குள் தெருவே அங்கே கூடிவிட்டது. டீக்கடைக்காரர் தூக்குப் பாத்திரத்தோடு வந்து நின்றார். வயதான அம்மாள் ஒருத்தி, பையனைத் திட்டிக்கொண்டே, அவன் வாயில் ஒரு சொம்புத் தண்ணீரையும் ஊற்றினாள்.

அந்தக் கூட்டத்தில் பங்காளிகள் இருவர் இருந்தார்கள். ஒரு பாட்டனுடைய பேரன்மார்கள்; மடை திறக்க இன்று யார் முறை என்பதில் தொடங்கிய மனஸ்தாபம் முன்சீப் கோர்ட்டு வரையில் போய், பத்துப் பன்னிரண்டு வருஷங்களாகச் சாவுக்கும் வாழ்வுக்கும் போக்குவரத்து அற்றுப் போனவர்கள். எதிரெதிரே வந்தால் ஒருவர் வரப்பை விட்டு இறங்கிவிடுவார். அதுவும் யார் இறங்குவது என்பதில் தகராறு வரக்கூடும் என்பதற்காக வேறு வழியாகவே போய்விடுவதும் உண்டு. அன்று பெரியவர் தூணுக்கு இந்தப் பக்கமும் சின்னவர் அந்தப் பக்கமுமாக நின்றார்கள். திருடனைத் திட்டும் பேச்சில் ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் எடுத்துக்கொண்டார். பிறகு பெரியவர் மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தார். சின்னவர் அவர் முகத்தைப் பாராமல், “அண்ணே, கொஞ்சம் சுண்ணாம்பு” என்று கையை நீட்டினார். பெரியவரும் இவர் முகத்தைப் பாராமலே டப்பியைத் திறந்து நீட்டினார். சின்னவர் ஆட்காட்டி விரலால் வழித்து, வெற்றிலையின் முதுகில் தடவி, மடித்து வாயில் போட்டுக்கொண்டு, விரலில் மிஞ்சியதைத் துடைப்பதற்காகத் தூணை நோக்கிக் கையை உயர்த்தினார். அடிக்கத்தான் ஓங்குகிறார் என்று பையன் நினைத்துவிட்டான். கண்ணை இறுக மூடிக் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டான். கை அவன் தலைக்கு ஒரு சாண் மேலே தூணில் பட்டு, வெள்ளையாக ஒரு கோடு இழுத்துவிட்டுத் திரும்பியது. அடி விழவில்லை என்று தெரிந்துகொள்ளப் பையனுக்குச் சற்று நேரம் பிடித்தது. சின்னவர் அவனைப் பார்க்கவே இல்லை.

உச்சிப்பொழுதுக்குப் போலீஸ்காரர் வந்து அவனை அழைத்துப் போனார். கூட்டம் கலைந்தது. இவ்வளவுதான் நடந்தது.

அடிபடும் திருடனை நான் முன்பும் கண்டிருக்கிறேன். இதைவிட மோசமாக அடிபட்டவர்களையும் கண்டிருக்கிறேன். அப்போதெல்லாம் அடிக்கிற கையில் கோபம் இருந்தது; கோபத்தை மனம் எப்படியோ ஜீரணித்துவிடுகிறது. இந்தக் கையில் கோபம் இல்லை. அது ஒரு பழக்கமான காரியத்தைச் செய்தது. பத்து வருஷத்துப் பகையை அப்போதுதான் இறக்கி வைத்த ஒரு மனிதனுடைய நிம்மதியோடு செய்தது. அந்த நிம்மதியை அவருக்குக் கொடுத்தவன், கண்ணை மூடிக்கொண்டு தூணில் நின்றவன்.

இளமையில் கும்பகோணம் கல்லூரியில் படிக்கும்போது, அரைகுறையாகப் புரட்டிவிட்டு வைத்த ஒரு புத்தகம் இதனால் நினைவுக்கு வந்தது. எமில் துர்கைம் என்ற பிரெஞ்சு அறிஞர், சமூகத்தில் உழைப்புப் பிரிந்து நிற்கும் விதத்தைப் பற்றி 1893இல் வெளியிட்ட நூலில், குற்றத்தை எல்லோரும் பார்க்கும் பக்கத்திலிருந்து பாராமல் மறுபக்கத்திலிருந்து பார்த்தார். ஒரு சிறு பட்டணத்தில் ஏதோ ஒரு அக்கிரமம் நடந்துவிட்டால் ஜனங்கள் தெருவில் ஒருவரையொருவர் நிறுத்தி வைத்துப் பேசுகிறார்கள், அந்தப் பேச்சில் அவரவர் கோபமெல்லாம் ஒன்று திரண்டு ஊரின் கோபமாகிறது, நேர்மையான மனங்களைக் குற்றம் இப்படி ஒன்றுசேர்க்கிறது என்பது அவர் கண்ட காட்சி. தண்டனை குற்றவாளியைத் திருத்துவதற்காக என்று நாம் நினைக்கிறோம். அவரோ, தண்டனை முக்கியமாகக் குற்றம் செய்யாதவர்களுக்காகவே இருக்கிறது என்றார். 1895இல் எழுதிய மற்றொரு நூலில் இன்னும் ஒரு படி மேலே போய், குற்றம் இல்லாத சமூகம் எங்கும் இருந்ததில்லை, இருக்கவும் முடியாது, ஆகவே குற்றம் சமூகத்தின் நோயன்று, அதன் ஆரோக்கியத்திலேயே சேர்ந்தது என்று எழுதி, தார்த் முதலிய சமகாலத்தவர்களின் கண்டனத்துக்கும் ஆளானார். முற்றும் துறந்த மகான்கள் மட்டுமே வாழும் ஒரு மடத்தைக் கற்பனை செய்து பாருங்கள், அங்கே கொலையும் களவும் இராது, ஆனால் நமக்கு அற்பமாகத் தோன்றும் ஒரு சிறு தவறு அங்கே மகாபாதகமாகிவிடும் என்பது அவர் வாதம். மடங்களை அறிந்த எங்கள் ஜில்லாக்காரர்களுக்கு அதை நம்புவதில் சிரமம் இராது.

படித்த காலத்தில் இது வெறும் புத்திசாலித்தனமாகத் தோன்றியது. தூணடியில் நின்றபோது பிரத்தியட்சமாக இருந்தது. அந்தப் பிரெஞ்சுக்காரர் சொன்ன ஒன்றுசேர்தல், ஒரு சுண்ணாம்பு டப்பி கை மாறிய அளவில், என் எதிரே நடந்தது. மார்க்ஸ் ஓரிடத்தில் கேலியாக எழுதியதும் கூடவே நினைவுக்கு வந்தது. குற்றவாளி குற்றத்தை மட்டுமா உற்பத்தி செய்கிறான், சட்டத்தையும் அதைக் கற்பிக்கும் பேராசிரியரையும் போலீஸையும் நீதிபதியையும் பூட்டுச் செய்கிறவனையும்கூட அவனல்லவா உற்பத்தி செய்கிறான் என்பது அந்தக் கேலி. அன்றைய காலைப் பொழுதில் எங்கள் டீக்கடைக்காரருக்கு இரண்டு தூக்குப் பாத்திரம் கூடுதலாக விற்றது. மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீபாக உட்கார்ந்திருந்த மாயவரத்தில், அவர் காலம் முதல் இன்று வரையில் எத்தனை வக்கீல் குடும்பங்கள் எங்கள் வரப்புத் தகராறுகளில் பிழைத்திருக்கின்றன என்று யாரும் கணக்கெடுத்ததில்லை. அவராவது கோர்ட்டுத் தீர்ப்புகளைச் சாமானியனும் படிக்கட்டும் என்று 1862இல் தமிழில் தொகுத்துப் போட்டார். அதற்கும் மூன்று வருஷம் முன்பு அவர் வெளியிட்ட ‘நீதிநூ’லில், கைக்கூலி வாங்குகிறவர்களைக் கண்டிக்க ஓர் அதிகாரமே ஒதுக்கியிருந்தார். நீதிபதியின் பீடத்திலிருந்து பார்க்கும்போது குற்றம் கூண்டுக்குள் மட்டும் நிற்பதாக அவருக்குத் தோன்றவில்லை போலும்.

திருடனைச் சுற்றி ஊர் கூடுவதை நான் முதன்முதலில் கண்டது மிகச் சிறு வயதில், தீவட்டி வெளிச்சத்தில். சீர்காழிப் பக்கத்தில் திருநகரி என்ற திவ்யதேசம் இருக்கிறது. திருமங்கையாழ்வார் அந்தப் பிரதேசத்துக்காரர். சோழனுக்கு அடங்கிய குறுநில மன்னராக இருந்து, அடியார்களுக்கு அன்னமிடுவதிலேயே பொருளையெல்லாம் செலவழித்துவிட்டு, பிறகு அந்தத் தர்மத்தை நிறுத்த மனமில்லாமல் வழிப்பறியில் இறங்கினார் என்பது வரலாறு. கல்யாண கோலத்தில் வந்த பெருமாளையே மறித்து நகைகளைப் பறித்தார். காலில் கிடந்த மெட்டி கழலாமற் போகவே பல்லால் கடித்து இழுத்தார். கடைசியில் அந்தத் திருடன் காதில்தான் திருமந்திரம் விழுந்தது. நாகப்பட்டினத்துப் பொன் புத்தரைக் கொண்டுவந்து உருக்கி ஸ்ரீரங்கத்தில் மதில் கட்டினார் என்றும் ஒரு கதை சொல்வார்கள். பங்குனி உற்சவத்தில் அந்த வழிப்பறியை வேடுபறி என்ற பெயரில் வருஷந்தோறும் நடித்துக் காட்டுகிறார்கள். இருட்டில் குதிரை வாகனம் பாய்ந்து வரும், தீவட்டிக்காரர்கள் ஓடுவார்கள், எண்ணெய் சொட்டுச் சொட்டாக மண்ணில் விழுந்து எரியும், ஜனங்கள் ஆரவாரம் செய்வார்கள். தாத்தாவின் தோளில் உட்கார்ந்திருந்த எனக்குப் பயமும் குழப்பமும். “திருடனுக்கா தாத்தா இத்தனை தீவட்டி?” என்று கேட்டேன். “சாமியே அவன்கிட்டப் பறிகொடுக்கத்தானேடா கிளம்பி வந்திருக்கு” என்றார் தாத்தா. அந்தப் பதில் இன்றைக்கும் எனக்கு முழுதாக விளங்கவில்லை. துர்கைமைப் படித்த பிறகு, அவர் அதே விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொல்கிறாரோ என்று தோன்றியதுண்டு.

குத்தாலத்துக்கே இப்படி ஒரு கதை உண்டு. சுந்தரமூர்த்தி நாயனார் திருவொற்றியூரில் சங்கிலியாருக்குச் செய்து கொடுத்த சத்தியத்தை மீறினார். அந்தக் குற்றத்துக்காக, தம்பிரான் தோழர் என்ற சலுகையெல்லாம் பாராமல், சிவபெருமான் அவருடைய இரு கண்களையும் பறித்தார். உடம்பிலும் நோய் வந்து சேர்ந்தது. காஞ்சியில் ஒரு கண் திரும்பியது. ஆரூரில் மற்றொன்று திரும்பியது. நடுவிலே, திருத்துருத்திக் குளத்தில் முழுகி எழுந்தபோது உடம்பின் பிணி நீங்கியது என்பது பெரிய புராணம். ஆகத் தண்டனையில் ஒரு பகுதி தள்ளுபடியான தலம் எங்கள் ஊர். சத்தியம் தவறியவரைச் சமயக் குரவர் நால்வரிலிருந்து யாரும் நீக்கவில்லை. நம்முடைய முன்னோர்கள் மகான்களின் மடத்தைக் கற்பனை செய்தபோதே அதற்குள் ஒரு வழிப்பறிக்காரரையும் ஒரு சத்தியந்தவறியவரையும் சேர்த்தே கற்பனை செய்தார்கள் என்பது எனக்கு ஒரு வகையில் பெருமையாகக்கூட இருக்கிறது.

இன்றைய குற்றவாளி நாளைய தர்மத்தை முன்கூட்டிக் காட்டுகிறவனாகவும் இருக்கலாம் என்று துர்கைம் சொல்லி, அதற்குச் சாக்ரடீஸை உதாரணம் காட்டுவார். எங்களுக்கு ஏதென்ஸ் வரையில் போக வேண்டியதில்லை. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தபோது, தஞ்சைக் கலெக்டராக இருந்த தார்ன் துரை, அந்தச் சத்தியாக்கிரகிகளுக்குச் சோறும் இடமும் கொடுப்பவர்களும் தண்டிக்கப்படுவார்கள் என்று அறிவித்தார். வந்தவனுக்கு இலை போடுவதைப் பெருமையாக நினைத்த ஒரு ஜில்லாவில் ஒரே நாளில் அன்னதானம் குற்றமாயிற்று. ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியோரத்து மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு ஒன்றும் அறியாதவர்கள்போல் இருந்துவிட்டார்கள். ராஜாஜிக்கு ஆறு மாதச் சிறை. அந்தச் சிறைவாசம் பிற்காலத்தில் எப்படிப்பட்ட மரியாதையாக மாறியது என்பது ஊரறிந்தது.

செம்புக் கம்பிப் பையன் சாக்ரடீஸ் அல்லன், ஆழ்வாரும் அல்லன். அவனால் நாளைக்கு எந்தப் புதுத் தர்மமும் பிறந்துவிடப் போவதில்லை. பருத்தி வாடியிருக்கும், அவ்வளவுதான். திருவள்ளுவர், கொலைபாதகரை அரசன் தண்டிப்பதைப் பயிரில் களையெடுப்பதற்கு ஒப்பிட்டார். எங்கள் ஊர்க்காரன் அந்த உவமையைக் கேட்டவுடன் தலையாட்டுவான். ஆனால் களையெடுப்பதன் கூலிக்கணக்கை அறிந்த அவனுக்கு, உவமையின் இன்னொரு பாதியும் தெரியும். எந்தப் பட்டத்திலும் ஒரு முறை களையெடுத்ததோடு முடிந்துவிட்டதாகச் சரித்திரம் இல்லை. நன்றாக உரமிட்ட வயலில் களையும் நன்றாகவே வளரும். எது களை, எது பயிர் என்பதோ அதைவிடச் சிக்கலான விவகாரம்.

அந்தச் சிக்கலுக்குள் என்னை இழுத்துவிட்டது, பையனிடம் கூட்டத்தார் கேட்ட முதல் கேள்வி. ஏன் திருடினாய் என்று யாரும் கேட்கவில்லை. “எந்த ஊருடா நீ? யார் வீட்டுப் பிள்ளை?” என்றுதான் கேட்டார்கள். எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அவன் சொன்ன பதிலைக் கேட்டதும், தங்களுக்குத் தெரிந்திருந்த ஒன்று நிரூபணமாகிவிட்டதுபோல் பலர் தலையை அசைத்தார்கள். போலீஸ் என்பது ஏற்படுவதற்கு முன்பு இந்த நாட்டில் ஊர்க்காவல் என்ற முறை இருந்தது. காவல்காரர்கள் அறுவடையில் தங்களுக்குரிய நெல்லை வாங்கிக்கொள்வார்கள். மாடு காணாமற்போனால் கண்டுபிடித்துக் கொடுப்பார்கள், அல்லது ஈடு கட்டுவார்கள். சில சமயங்களில் துப்புக்கூலி என்று ஒன்றை வாங்கிக்கொண்டு, மாடு எங்கே கட்டியிருக்கிறது என்பதையும் சொல்லிவிடுவார்கள். காவலும் களவும் ஒரே வீட்டில் குடியிருந்த அந்த ஏற்பாட்டில் எவ்வளவோ ஆபாசங்கள் இருந்திருக்கலாம். 1859இல் சென்னை மாகாணத்துக்குப் போலீஸ் சட்டம் வந்த பிறகு, காவல் என்ற பழைய உரிமையே ராஜாங்கத்தின் கண்ணுக்குக் குற்றமாகத் தெரியத் தொடங்கியது. 1871இல் வடக்கே கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1911இல் இங்கும் விரித்தார்கள். அந்தச் சட்டத்தில் பேர் ஏறிய ஜாதிகளில் பிறந்த குழந்தை ஒன்றும் செய்வதற்கு முன்பே குற்றவாளியாயிற்று. ஆண்மக்கள் ரேகை பதித்துக்கொடுத்து, இரவில் போலீஸ் கண்காணிப்பில் படுக்க வேண்டியதாயிற்று. மதுரை ஜில்லாவில் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி ரேகை வைக்க மறுத்த ஜனங்கள்மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. 1947இல் சென்னை மாகாணம் அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டது. சட்டப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். கேள்வியிலிருந்து எடுத்தார்களா என்று, தூணடியில் நின்று கேட்டவனுக்குச் சந்தேகம் வருகிறது.

இன்னொன்றும் உண்டு. இந்த ஜில்லாவில் செம்புக் கம்பியைவிடப் பெரிய பொருள்கள் களவு போயிருக்கின்றன. தரங்கம்பாடிப் பக்கத்தில் அனந்தமங்கலம் ராஜகோபாலப் பெருமாள் கோயிலிலிருந்து ராமர், லட்சுமணர், சீதை விக்கிரகங்கள் 1978இல் களவாடப்பட்டன. அவை லண்டனிலிருந்து திரும்பி வர 2020 ஆயிற்று. ஆற்று மணலை ராத்திரியோடு ராத்திரியாக அள்ளிக்கொண்டு போகிற லாரிகளை எல்லோரும் அறிவோம். அந்த லாரி தெருவில் போகும்போது குழந்தைகளை ஓரமாக இழுத்துக்கொள்கிறோமே ஒழிய, அதன் சொந்தக்காரரைத் தூணில் கட்ட யாரும் தாம்புக்கயிறு தேடுவதில்லை. அவர் கோயில் கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை தருவார். பத்திரிகையில் அவர் பெயரைக் கொட்டை எழுத்தில் போடுவோம். கோட்டு அணிந்தவர்களுடைய குற்றங்களைச் சமூக நூலார் எண்ணுவதே இல்லை என்று அமெரிக்காவில் சதர்லண்ட் என்பவர் 1939இல் சொன்னபோது அது அங்கே பெரிய புதுமையாக இருந்ததாம்.

1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு, அப்போதைய கீழத்தஞ்சையில் கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்ட ஆதிதிராவிட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரே குடிசையில் எரிந்து போனார்கள். கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்ற மிராசுதார்களை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது; கார் வைத்திருக்கும் செல்வந்தர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பத்தக்கதாக இல்லை என்ற கருத்தும் அந்தத் தீர்ப்பில் இடம்பெற்றது. யார் வீட்டுப் பிள்ளை என்ற கேள்வி அங்கேயும் எழுந்தது என்றுதான் நான் நினைக்கிறேன், பதில்தான் வேறு. துர்கைமின் சித்தாந்தப்படி அந்தக் கொடுமை கண்ட சமூகம் ஒரே மனத்தோடு பொங்கி எழுந்திருக்க வேண்டும். அப்படி எழவில்லை. பாதிப் பேர் பொங்கினார்கள்; பாதிப் பேர் மௌனமாக இருந்தார்கள். சமூகத்தின் பிரக்ஞை என்று அவர் ஒருமையில் சொல்லும்போது, எங்கள் ஜில்லாவில் தெருவுக்கு ஒன்று இருந்தது என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஆனால் அவரைக் கண்ணில்லாதவர் என்று சொல்லிவிடவும் மனம் வரவில்லை. அவர் யூத குருமார் பரம்பரையில் பிறந்தவர். டிரைஃபஸ் என்ற யூத ராணுவ அதிகாரியை, செய்யாத ராஜத்துரோகத்துக்காக 1894இல் பிரான்ஸ் தண்டித்தபோது, வீதிகளில் ஜனங்கள் அடைந்தது துக்கமன்று, சந்தோஷம் என்பதை அவர் அறிந்தவர். கஷ்டகாலத்தில் தங்கள் துன்பத்துக்கெல்லாம் காரணமாகக் காட்ட ஓர் ஆள் கிடைத்துவிட்டான் என்ற சந்தோஷம் அது என்று 1899இல் எழுதினார். இந்த இடத்தில்தான் என் யோசனை முட்டி நிற்கிறது. ஊரை ஒன்றுசேர்க்க ஒரு குற்றவாளி வேண்டும் என்றால், அவன் உண்மையில் குற்றம் செய்தவனாக இருக்க வேண்டிய அவசியம் என்ன? காவிரி கடலில் கலக்கும் இடத்திலிருந்து புறப்பட்டு மதுரைக்குப் போன கோவலனைக் கள்வன் என்று வெட்டினார்கள். சிலம்பைத் திருடிய பொற்கொல்லன் பக்கத்திலேயே நின்றான். வெட்டிய அந்தக் கணத்தில் மதுரைக்குள் நியாயம் நிலைநின்றுவிட்டதாகத்தான் எல்லோருக்கும் திருப்தி இருந்திருக்கும். எங்கள் பையன் கேபிளோடு பிடிபட்டவன், அதில் சந்தேகமில்லை. ஆயினும், அவன் நிரபராதியாக இருந்து வேறொருவன் தப்பிப் போயிருந்தாலும், சின்னவர் சுண்ணாம்பு கேட்டிருப்பார், பெரியவர் கொடுத்திருப்பார், மிச்சம் அதே தூணில் அதே உயரத்தில் விழுந்திருக்கும்.

வேறு விதமாகவும் செய்து பார்த்திருக்கிறார்கள். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில், வேட்டையிலோ வேறெப்படியோ கைத்தவறாக ஒருவனைக் கொன்றுவிட்டவனை, உயிருக்கு உயிர் என்று தண்டிக்காமல், கோயிலில் ஒரு நந்தா விளக்கு வைக்கச் சொல்லி நாட்டார் கூடித் தீர்மானித்த செய்திகள் கிடைக்கின்றன. ஒரு விளக்குக்கு 96 ஆடு, சில இடங்களில் 90; அந்த ஆடுகள் சாகாமலும் மூப்படையாமலும் எண்ணிக்கை குறையாதிருக்க வேண்டும் என்பதனால் சாவா மூவாப் பேராடு என்று பெயர்; நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். செத்தவன் பெயரில் சூரிய சந்திரர் உள்ளவரையில் எரிய வேண்டிய விளக்கு அது. அதிலே மயங்கி அந்தக் காலமே தர்ம காலம் என்று சொல்லிவிடக் கூடாது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளுடைய உறவினர்களின் சொத்தையும் ராஜராஜன் காலத்தில் பறித்ததை, கொள்ளிடத்துக்கு அக்கரையில் உடையார்குடிக் கல்வெட்டு சொல்கிறது. 96 ஆடு இல்லாத ஏழை கைத்தவறிக் கொன்றால் என்ன செய்தான் என்பதையும் கல்லில் தேடினேன். என் கண்ணில் படவில்லை.

இனி, என் வாதத்துக்கே விரோதமான ஒரு தகவலையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சித்திரையில் அந்தப் பங்காளிகள் இருவரும் மாயவரத்துக்குச் சேர்ந்தே பஸ் ஏறிப் போய், மடை வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். சின்னவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் பெரியவர் பெயர் இருக்கிறது. ஊர்ப் பெரிய மனிதர்களாலும், வக்கீல்களாலும், இரண்டு தலைமுறைப் பெண்களின் கண்ணீராலும் ஆகாத காரியம் ஒரு செம்புக் கம்பித் திருட்டால் ஆயிற்று. அது நல்ல காரியம் இல்லை என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? பையனுடைய வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

ஒருவனைக் கட்டி வைத்து ஊர் ஒன்றுசேர்வதற்குப் பதிலாக வேறு எதைச் சொல்லலாம் என்று யோசித்தால் குடிமராமத்துதான் நினைவுக்கு வருகிறது. ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறப்பதற்கு முன்னால், கோடையில் வீட்டுக்கு ஓர் ஆள் என்று மண்வெட்டியோடு இறங்கி வாய்க்காலைத் தூர்வாருவது. பேசாதவர்களும் அன்று ஒரே வாய்க்காலில் நிற்க வேண்டியிருந்தது. யாரையும் எதிலும் கட்டாமலே ஊர் கூடியது. அப்படிச் சொல்ல ஆசைதான். ஆனால் நான் சிறுவனாகக் கண்ட குடிமராமத்தில் சேற்றில் நின்றவர்கள் சேரித் தெருக்காரர்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கரையில் குடை பிடித்து நின்று, அவர்களுக்குள்தான் வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். அந்த ஒற்றுமைக்கும் கீழே யாரோ ஒருவர் குனிந்துதான் இருந்தார்.

குற்றம் இல்லாத சமூகம் இல்லை என்று துர்கைம் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். தூணில் ஒருவன் நிற்காமல், கீழே ஒருவன் குனியாமல், சேர்ந்து நிற்கத் தெரியாத ஜனங்கள்தாமா நாம் என்ற கேள்விக்கு ஆம் என்று எழுதக் கை வரவில்லை. இல்லை என்று எழுத ஆதாரம் போதவில்லை. உங்கள் ஊரில், யாரையும் பிடித்துக் கட்டாமல், ஒரு நல்ல காரியத்தை முன்னிட்டே பேசாத பங்காளிகள் இருவர் பேசத் தொடங்கியதை நீங்கள் கண்டிருந்தால், எந்த ஊர், என்ன காரியம் என்பதைத் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.